நீலம் கலக்காத பூச்சு

மைன் ஆற்றங்கரையில் கல்லறைக் கல் செதுக்குகிறவருக்கு மகளாகப் பிறந்தவர் வால்புர்கா ட்ரெங்க். பெண் என்று சொல்லிக் கலைக்கல்லூரி வாசலோடு திருப்பி அனுப்பியது. அப்பாவின் உளியைக் கையில் எடுத்தார். பின்னால் வந்த நாஜிகள் அவருடைய சிலைகளைக் கோணல் என்று உடைத்துப் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் வெண்ணெய்க்கு மர அச்சு குடைந்து வயிற்றைக் கழுவினார். போர் முடிந்ததும், அறுபது வயதில், மறுபடி களிமண்ணில் கை வைத்தார். என்ன மனுஷி!

அவருக்கு அச்சு வார்த்துக் கொடுப்பவன் வெண்டலின். இருபது வருஷப் பழக்கம், ஆனாலும் அவரைப் பார்த்து வியந்து தீரவில்லை அவனுக்கு. ரொட்டிக்கடை ஒட்டிலியின் மகன் கஸ்பார் ருஷ்யாவில் செத்துப்போனான். குண்டுவீச்சில் அவன் படங்களும் எரிந்துவிட்டன. குளிர்காலம் முழுக்க ஒட்டிலி கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல, பார்த்தே இராத அந்த முகத்தை வால்புர்கா களிமண்ணில் கொண்டுவந்தார். சொல்லி முடித்த அன்று ஒட்டிலி அழுதாள். "இனிமே கேக்காதீங்கம்மா. எனக்கே முகம் மறந்துக்கிட்டு வருது."

களிமண் முகத்தின் மேல் பூசும் முதல் பிளாஸ்டரில் துணிக்குப் போடும் நீலம் கலப்பது வழக்கம்; அதற்கு மேல் பூசுவது வெள்ளை. பிறகு உள்ளே களிமண்ணைத் தோண்டிவிட்டு, வெள்ளை பிளாஸ்டர் ஊற்றி, வெளிக்கூட்டைச் செதுக்கி எடுப்பார்கள். நீலம் தெரிந்தால் முகம் பக்கத்தில் இருக்கிறது, உளி மெதுவாகப் போக வேண்டும்.

அன்று வால்புர்கா செதுக்கச் செதுக்க வெள்ளையே வந்தது.

"நீலம் எங்கடா?"

வெண்டலின் தலையைச் சொறிந்தான். "பெந்தெகொஸ்தே பண்டிகைக்குத் துணி வெளுக்க பொண்டாட்டி எல்லாத்தையும் போட்டுட்டாம்மா. ஒரு தடவை இல்லாட்டி என்னன்னு..."

"உன் வீட்டுப் படுக்கை விரிப்பு பளிச்சுன்னு இருக்குமே. நல்லா தூங்கு."

களிமண் முகம் வாளியில் குழைந்து கிடந்தது. கூட்டுக்குள் இருப்பதும் உடைந்தால் கஸ்பார் இல்லை.

வால்புர்கா கண்ணை மூடினார். கூட்டில் காதை வைத்து உளியால் லேசாகத் தட்டினார். ஓசை கேட்டு ஒரு சில்லு எடுத்தார். மறுபடி காது, மறுபடி சில்லு. மூன்று நாள். வெண்டலின் காதுக்கு எல்லாம் ஒரே சத்தம்; அதில் அவர் எதைப் பிரித்தறிந்தாரோ! கடைசியில் இமை, உதடு, காது மடல் என்று ஒரு கீறலும் இல்லாமல் முகம் வெளியே வந்தபோது அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஒட்டிலி வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்துணியின் நுனியை எச்சிலில் நனைத்து, கன்னத்துத் தூசியைத் துடைக்கப் போனாள்.

"ஈரம் படக் கூடாது!" என்று பாய்ந்தான் வெண்டலின். வால்புர்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருடா. கெட்டா கெடட்டும்."

ஒட்டிலி அழுத்தித் துடைத்தாள். "நில்லுடா கஸ்பார், ஆடாம நில்லு."