டேங்குக்கு மேலே ஒரு சாண் ரப்பர்

பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஓடுகிற டீசல் வண்டி எதுவானாலும் ஒரு தடவையாவது என் பட்டறைக்குள் வந்து போயிருக்கும். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் என்று எல்லாம் பார்க்கிறேன். ஆனால் கூடப்பிறந்த அக்காவின் வேன் மட்டும் என் பட்டறை வாசலைத் தாண்டி, ஒரு ஹாரன்கூட அடிக்காமல், மூன்று தெரு தள்ளி இருந்த பெரிய மெக்கானிக்கிடம் போகும். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னப்பா, சொந்த அக்காவே உன்னை நம்பலையா?" என்பார்கள். நான் கையில் இருக்கிற ஸ்பானரையே தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

ஒருநாள் அடக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, அந்த ஆளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கொம்பு இல்லடா. அவர் ஆச்சுன்னா ஆச்சு. நீ ஆச்சுன்னு சொல்றப்போ உன் கை பாதி வேலைலதான் இருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் ஒரு வாரம் நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்த வேன் மாமாவுடையது, அதாவது அக்கா வீட்டுக்காரருடையது. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கிற வேலை. முன்சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கிற பழைய மாடல். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஒரே மாதத்தில் ஓட்டப் பழகி, மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினுக்குக் கூட்டிப்போனாள். அங்கே பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்டார்கள், எங்களையும் ஏற்றிக்கொள்ளம்மா என்று. துணி மூட்டை போட்ட இடத்தில் நாலு சீட்டு வந்தது.

மாமா ஒரு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. உறவுக்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். "புருஷன் போய் ரெண்டு நாள் ஆகல, இவ வண்டி ஓட்டக் கிளம்பிட்டா" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அக்கா திரும்பிப் பார்த்து, "அவருக்கு இனிமே மெஷின் வேண்டாம். மத்தவங்களுக்கு இன்னிக்கு முறை" என்றாள். அவ்வளவுதான்.

வேனில் வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான் சொல்லப்போகிற வருஷத்தில் நாலு பேர். ஒரு தையல்காரர், அதிகம் பேசாத சாது. பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற கண்டக்டர். கல்லூரி ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்த லேப் அம்மா. இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தைக்குத் தாயான ஒரு சின்னப் பொண்ணு.

அக்கா வண்டி ஓட்டுகிற விதமே தனி. ஊசி குத்துகிற கை அடிபடக் கூடாது என்று பிரேக்கை அழுத்தவே மாட்டாள், தூரத்திலேயே கியரைக் குறைத்துவிடுவாள். ஏறும்போது ஒவ்வொருவர் கணுக்காலையும் பார்ப்பாள். வீங்கியிருந்தால் அளவுக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே கேள்வி வரும், "நேத்து எத்தனை டம்ளர் குடிச்சீங்க?" என்று.

"ஓனரம்மா, இந்த வண்டி குடிக்கிறதுல கால்வாசிகூட எனக்குக் குடிக்க உரிமை இல்ல" என்பார் கண்டக்டர்.

"வண்டி குடிச்சதைப் புகையா விட்டுடுது. நீங்க எங்க விடறீங்க?"

வேன் முழுக்கச் சிரிக்கும், தையல்காரர் உட்பட.

அந்த வருஷம் டீசல் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் பம்பு வாசலில் வண்டிகள் ஒரு மைலுக்கு நின்றன. முதல்நாள் மதியமே போய் நின்ற அக்காவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் டீசல் கிடைத்தது. மற்ற மூன்று பேரும் எப்படியோ வேறு வழியில் போய்விட்டார்கள். தையல்காரர் மட்டும் வாசல் படியிலேயே அக்காவுக்காகக் காத்திருந்தார். அன்றைய முறை போயிற்று. மறுநாளே மூச்சு வாங்கி, முகம் ஊதி, ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். பிழைத்தது பெரிய விஷயம். அக்கா சாப்பிடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே பம்பை நம்பி ஒரு உயிரை உட்கார வெக்க மாட்டேன்" என்றாள்.

வழி சொன்னது லேப் அம்மா. பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பக்குவம் பண்ணினால் பழைய டீசல் இன்ஜின் அதில் ஓடும், பயோடீசல் என்று பெயர், அப்படியே ஊற்றினால்தான் கெடுதல் என்றார். அக்கா தொழிற்சாலை கேன்டீனில் சொல்லிவைத்துப் பழைய எண்ணெயை டின் டின்னாக வாங்கிவந்தாள். பின்கட்டில் திறந்த வெளியில் இரண்டு டிரம். எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி ஈரத்தைப் போக்குவாள். சொட்டுக் குழாயால் அளந்து அந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்று கண்டுபிடிப்பாள். அதை மெத்தனாலில் கரைத்து எண்ணெயில் கலப்பாள். மறுநாள் பார்த்தால் கருப்பாகக் கிளிசரின் அடியில் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டு, மேலே இருப்பதைத் தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும்.

அதோடு விடமாட்டாள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைப்பாள். அரை மணி நேரத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் அது வண்டிக்கு. நடுவில் தயிர் மாதிரி வெள்ளையாக ஒரு ஏடு நின்றால் அத்தனையையும் திரும்பப் பக்குவம் பண்ணுவாள். ஒவ்வொரு தடவை காய்ச்சியதிலும் ஒரு பாட்டில், தேதி எழுதி ஜன்னலில் வரிசையாக நிற்கும். விருந்தாளி யாராவது தேன் என்று நினைத்துக் கேட்பார்கள்.

பெரிய மெக்கானிக் மறுத்துவிட்டார். "எண்ணெய்ச் சட்டிக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கறதில்லம்மா" என்றாராம். அப்படித்தான் அந்த வேன் முதல்முறையாக என் பட்டறைக்குள் நுழைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

லேப் அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இந்த எண்ணெய் சாதா ரப்பரைத் தின்னும். ஆகவே எண்ணெய் போகிற வழியில் இருக்கிற ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இதற்கென்றே வருகிற ஓஸ் போட வேண்டும். ஏழு இடம். அக்கா அந்த ஓஸையும் வாங்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒண்ணு விடாம மாத்தணும்டா."

"எனக்கே சொல்லித் தரியா? போய் காபி குடிச்சிட்டு வா."

ஆறு இடத்தில் மாற்றினேன். ஏழாவது டேங்குக்கு மேலே. டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்குப் போகிற ஒரு சாண் துண்டு. டேங்கை இறக்கினால்தான் கை போகும். டேங்க் நிறைய எண்ணெய், போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, ஒன்று உடைந்தால் அன்றைக்கு வண்டி நகராது. காலை ஐந்து மணிக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா வந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரமும் வந்தது. டேங்கை இறக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும்.

கழற்றிப் போட்ட பழைய ஓஸில் ஒரு துண்டை வெட்டி, அக்கா எண்ணெயையே ஒரு பாட்டிலில் ஊற்றி அதில் போட்டு, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தான். பத்து நாளில் ஊறிப் பருத்தது. ஒரு மாதத்தில் நகத்தால் கீறினால் கறுப்பு ஒட்டியது. இரண்டாம் மாதம் விரலால் அழுத்தினேன், சோற்றைப் பிசைகிற மாதிரி உள்ளே போயிற்று. எண்ணெய் மை மாதிரி கறுத்திருந்தது. வேனுக்குள் இருக்கிற துண்டும் இப்படித்தானே ஆகிக்கொண்டிருக்கும்? அதன் வழியாகத்தான் இன்ஜினில் இருக்கிற பம்பு ஓயாமல் எண்ணெயை உறிஞ்சுகிறது. ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கீறல் விட்டுக் காற்றை இழுக்கும். இன்ஜின் நின்றுவிடும். எங்கே, எப்போது என்பதுதான் தெரியாது.

அப்புறம் எனக்கு விடிகாலைத் தூக்கம் போயிற்று. ஐந்தே காலுக்கு வேன் எங்கள் தெரு முனையில் திரும்பும். படுக்கையில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்பேன். சீராகப் போனால் மூச்சு விடுவேன். மதியம் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை சோறு இறங்காது. "உனக்கென்ன சர்க்கரையா, இப்படி மெலிஞ்சுட்டே?" என்று வீட்டில் கேட்டார்கள்.

ஒருதடவை பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, டேங்கை ஒரு தரம் இறக்கிக் கழுவிடலாமே. பழைய கசடு இருக்கும்."

"பில்டர் சுத்தமாத்தானே இருக்கு? சரி, ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிறு நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

ஐந்தாவது மாதம், தொடர்ந்து விடுமுறை வந்து மெஷினுக்கு ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விழுந்திருந்தது. அப்படிப்பட்ட காலையில் எல்லாருக்கும் உடம்பில் நீர் ஏறியிருக்கும். அன்றைக்கு மழை வேறு. ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. கண்டக்டர்.

"தம்பி, பாலத்து மேல நிக்கறோம். அக்கா எண்ணெயை இழுக்கற கைப்பம்பை அடிச்சு அடிச்சுப் பாக்கறாங்க. கிளம்புது, ரெண்டு நிமிஷத்துல செத்துடுது. தையல்காரருக்கு மூச்சு இரைக்குதுப்பா."

என்ன கோளாறு என்று நான் கேட்கவில்லை. புது ஓஸில் நாலடி வெட்டி, இரண்டு கிளாம்பு, ஒரு ஸ்குரூடிரைவர் எடுத்துப் பையில் போட்டு பைக்கை மிதித்தேன்.

அக்கா நனைந்து நின்றாள். கைப்பம்பை அடித்து அடித்துக் கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது. உள்ளே தையல்காரர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு வெளிறிக் கிடந்தது. லேப் அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சின்னப் பொண்ணு போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள்.

"என் எண்ணெய்தாண்டா" என்றாள் அக்கா. "எங்கயோ பக்குவம் தப்பிடுச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தப்புதான்னு."

வேனில் எப்போதும் ஒரு கேன் எண்ணெய் கூடுதலாக இருக்கும். அதை முன்சீட்டுப் பக்கம் தூக்கி வைத்தேன். டேங்கிலிருந்து வருகிற வழியைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராகப் பம்புக்குப் புது ஓஸைப் போட்டேன்.

"அதே எண்ணெய்டா அது. வேண்டாம்."

"எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. நீ ஏறு."

ஓஸுக்குள் இருந்த காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிவரை கேனை மடியில் அணைத்துக்கொண்டு நானும் போனேன். தையல்காரரைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடினார்கள். மற்ற மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள். சின்னப் பொண்ணு நின்று, அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள், "வீட்டுக்காரர் இனிமே இந்த எண்ணெய் வண்டில ஏறாதேங்கறாரு, அக்கா."

நாலு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு நர்ஸ் வந்து, தையல்காரர் தேறிவிட்டார், மெஷின் ஓடுகிறது என்றாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் எழுந்துபோய் டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் எண்ணெய் எடுத்து, தண்ணீர் கலந்து குலுக்கி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தாள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவாகப் பிரிந்தது. நடுவில் ஒரு நூல் ஏடுகூட இல்லை.

"நீ பில்டரைத் திறந்துகூடப் பாக்கல" என்றாள்.

பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

"வரும்போதே ஓஸ் கொண்டு வந்தே. அதே எண்ணெயை நம்பி ஊத்துனே."

"டேங்குக்கு மேல இருக்கறதை மாத்தலக்கா."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்த பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள்கூட என்று நினைத்தேன். அவள் முந்தானையால் உரிந்த கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டாள்.

"அந்தச் சின்னப் பொண்ணு நம்ம வண்டில வரலைன்னா எப்படிப் போகும்? ரெண்டு பஸ் மாறணும். திரும்பி வரப்போ தலை சுத்தி ரோட்டுல விழும். குழந்தை ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல நிக்கும்."

"நான் இன்னைக்கே டேங்கை இறக்கி..."

"டேங்கை யார் இறக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்."

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வேன் அதே எண்ணெயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பார்த்தால் பேசுவாள், சாப்பிட்டாயா என்பாள். ஆனால் அதற்கப்புறம் என்னிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை. கடைசியாகச் சொன்ன வேலை அன்றைக்கு அந்த பெஞ்சில், வார்டு கதவு திறக்கிற சத்தம் கேட்டபோது.

"வராங்க. நான் என் வாயால சொல்ல மாட்டேன், நீயே சொல்லு. எண்ணெய் இல்ல, ஓஸுன்னு சொல்லு. ஏன் விட்டே, எத்தனை மாசமாத் தெரியும், எல்லாத்தையும் சொல்லு. முதல்ல தையல்காரர்கிட்ட. அவரை உட்கார வெச்சுட்டுச் சொல்லு. நிக்க வெச்சுச் சொல்லாதே."