துரையிடம் நான் சொல்லாத பதில்

அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பால் வெட்டும் மாரியாயியை ஆபீசுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட் சோதனையில் அவள் மடியில் ஒரு பிடி பச்சரிசி அகப்பட்டிருந்தது.

மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோகத் தடை. மீறினால் வேலை போய்விடும்.

அந்த அரிசி என்னுடையது. என் மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். முனியாண்டிக்குப் பச்சரிசி வைப்பதாக நேர்ந்திருந்தோம். சாமி கல் வேலிக்கு வெளியே, மாரியாயி பால் வெட்டும் மர நிரையின் கோடியில் இருந்தது. ஆபீசை விட்டுப் போக முடியாததால் அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

"கேட்டுல புடிச்சா என்னங்கையா செய்றது?" என்று கேட்டாள்.

"சாமிக்குன்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்லா" என்றேன். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நான் சொன்னபின் அவள் என்ன மறுத்துப் பேசுவாள்?

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை புதியவர். தமிழ் தெரியாது. அவருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் வாய் நான்தான்.

"யார் கொடுத்தது, கேள்" என்றார். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நீங்கதானேங்கையா குடுத்தீங்க. புள்ளைக்கு நேர்ந்ததுன்னு தொரைகிட்ட சொல்லுங்க" என்றாள். நான் இருக்கும்போது என்ன பயம் என்று நின்றாள்.

என் வேலை, குவார்ட்டர்ஸ், காய்ச்சலில் கிடக்கும் பையன் எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன. துரை பக்கம் திரும்பி, "பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

டிஸ்மிஸ் லெட்டரை நான்தான் டைப் அடித்தேன். 'கடுமையான ஒழுங்கீனம்' என்று துரை சொன்னதை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்தேன். இரண்டு நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் புருஷன் சட்டி பானைகளைக் கெமாஸ் போகும் லாரியில் ஏற்றினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாரியாயி என்னிடம் வந்தாள். "நீங்க அவ்ளோ எடுத்துச் சொல்லியும் அந்தத் தொரைக்கு எரக்கம் இல்லியே ஐயா. தம்பிக்குக் காய்ச்ச விட்டுருச்சா?"

"விட்டுருச்சு" என்றேன்.

ஆபீஸ் இருபது அடி தூரம். துரை உள்ளேதான் இருந்தார். லாரி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் போகவில்லை.

பயத்தில் பொய் வந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, தப்புச் செய்தால் லாரி கிளம்புவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.