மாலை போட்ட மூன்றாம் நாள்

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்ட வருஷம், திருவொற்றியூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் தீக்குச்சி கிழிக்கவும் கை நிற்காது. அந்த மனுஷன் கார்த்திகை முதல் நாள் குளித்துக் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். முந்தின வாரம் என் மண்டையை உடைத்தவரை இனி 'சாமி' என்று கூப்பிட வேண்டும். நாக்கு கூசியது. மலைக்குப் போய்த் திரும்பும்வரை குடியைத் தொடமாட்டாரே என்று வாயாரக் கூப்பிட்டேன்.

மறுநாள் அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, தொப்பலாக வியர்த்தது. பச்சைத் தண்ணீர்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தில். மூன்றாம் நாள் பஜனையில் கை கால் வெட்டி இழுக்கக் கீழே சாய்ந்தார்.

"அருள் வந்துகீது, யாரும் தொடாதீங்க" என்றார் மாலை போட்டுவிட்ட குருசாமி. எதிர்வீட்டு அக்கா என் வீட்டுக்காரர் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டாள். எனக்கு அவர் வாயோரம் வழிந்த ரத்தம்தான் தெரிந்தது. "சாமியும் இல்ல, பூதமும் இல்ல, ஆட்டோவ கூப்டுங்க!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "குடிப்பாரா?" என்று கேட்டார்.

"மாலை போட்டதுலேர்ந்து ஒரு சொட்டு தொடலம்மா." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதனாலதான் வலிப்பு. இவ்வளவு குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. இங்க வந்து மருந்தோட நிறுத்தணும்."

குடித்தாலும் சாவு, விட்டாலும் சாவா?

மறுபடி வலிப்பு வந்தால் கழுத்தை இறுக்கும் என்று நர்ஸ் மாலையைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவரைக் கட்டிவைக்க எனக்கு வேறு கயிறு ஏது? கடைசியில் நானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் கண் திறந்தார். கை முதலில் கழுத்துக்குத்தான் போனது.

"கழட்டிட்டாங்களா?"

"ஆமா, சாமி."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்துப் பயந்த அளவு வலிப்பைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "மாலை இல்லாமலே குடிய வுடறதுக்கு மருந்து எதுனா கீதுங்களாம்மா?"

"இருக்கும்மா. ஆனா அவரே வேணும்னு சொல்லணும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.