சத்தம் காணாது

மாமா வெளிநாட்டை விட்டு ஒரேயடியாக மானிப்பாய்க்கு வந்தபோது, அவருக்குப் பின்னால் கப்பலில் பெரிய மரப்பெட்டிகள் வந்தன. சொக்லேட் இருக்கும் என்று அடிவரை துழாவிய எனக்குக் கிடைத்தவை, என் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள், இசைத்தட்டுச் சுழற்றும் பெட்டி ஒன்று, தலையில் கண்ணாடிக் குமிழ்கள் முளைத்த அம்ப்ளிபயர் ஒன்று. ஏமாற்றம் அதிக நேரம் நிற்கவில்லை. குமிழ்கள் மெல்லச் சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிர்ந்த கணத்தில் நான் விழுந்துவிட்டேன், இன்றுவரை எழும்பவில்லை.

ஹோலில் மாமா ஒரு கிழமை பாடுபட்டார். ஒலிபெருக்கியை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளுவார், கதிரையில் இருந்து கேட்பார், அரை விரல் பின்னுக்கு இழுப்பார். "கலியாணப் பொருத்தம்கூட இப்பிடிப் பாக்கேல்லை" என்றார் அம்மா. தம்பியைப் பகிடி பண்ணினாலும், ஞாயிறு பின்னேரம் அவருடைய சிநேகிதர்களுக்கு வடை சுட்டதும் அம்மாதான்.

வந்தவர்கள் இருவர், இருவரும் மாமாவோடு படித்தவர்கள். ஒருவர் குருநகரில் வள்ளம் வைத்திருப்பவர். மற்றவர் கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஊரில் சத்தம் என்றால் அவர்தான். அவருடைய வாயால் ஒரு நல்ல சொல் வரவேண்டும் என்பதற்காகவே மாமா மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் மெல்லிய வயலின். வள்ளக்காரர் வடையைக் கடித்த சத்தத்தில் பாதி வயலின் காணாமல் போயிற்று. ஸ்பீக்கர்காரர் தலையைச் சரித்துக் கேட்டார்.

"மச்சான், சாமான் வடிவாத்தான் இருக்கு. ஆனா சத்தம் காணாது. கேற்றடியிலை நிக்கிறவனுக்குக் கேக்குமோ?"

"கேற்றடியிலை நிண்டா இதின்ரை அருமை தெரியாது. இந்தக் கதிரையிலை இருந்து கேள்."

"எனக்கு உப்பிடிக் கேட்டுப் பழக்கமில்லை."

"அவனுக்குக் காது எப்பவோ போட்டுது, விடு" என்றார் வள்ளக்காரர்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. ஒரு நாதசுரத் தட்டை எடுத்து வைத்தார். சத்தம் கூட்டும் திருகியை, நான் ஒருநாளும் கண்டிராத இடம்வரை திருப்பினார்.

தவில் ஹோலுக்குள் வந்து நின்றது. தவில்காரரின் விரற்கூடுகள் தோலில் படுவது கேட்டது. நாதசுரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. வடை கையிலேயே நிற்க வள்ளக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். ஸ்பீக்கர்காரர் எழும்பிப்போய் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் வெளியே யாரோ கூப்பிடுவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மேளம் கேட்டால் சாமி வீதியுலா வருகிறது என்று பொருள். வாசலில் நிறைகுடம் வைக்காமல் சாமியைப் போகவிடுவது எங்கள் ஒழுங்கையில் நடக்காத காரியம். முன்வீட்டு மாமி ஸ்ரூலில் நிறைகுடமும் விளக்கும் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, மேளம் கேக்குது, சாமியைக் காணேல்லை. எந்தப் பக்கத்தாலை வருது?"

வள்ளக்காரருக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. ஸ்பீக்கர்காரர் சிரிக்கவில்லை. "எத்தினை கோயிலுக்குக் குழாய் கட்டியிருப்பன்! என்ரை சத்தத்துக்கு ஒருத்தரும் நிறைகுடம் வைக்கேல்லையடா" என்றார்.

மாமா காத்திருந்த சொல் அதுதான். அவரோ அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கேற்றைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்குப் போய்விட்டார்.

"சாமி இல்லையக்கா, என்ரை பாட்டுப்பெட்டி."

"ஓமோ? பரவாயில்லை, கொளுத்தினது கொளுத்தினதுதான். நல்ல மேளம், நிப்பாட்டிப் போடாதை."

அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுக்கு நடுவில் நின்றார்.

"டேய், உள்ளை வா!" ஸ்பீக்கர்காரர் கத்தினார். "உதிலை நிண்டா அருமை தெரியாது எண்டு நீதானே சொன்னனி!"

"அந்த நாட்டிலை யன்னலெல்லாம் பூட்டிப்போட்டு, தனிச்சிருந்து கனகாலம் கேட்டிட்டனடா. கொஞ்சம் இதிலை நிக்கிறன்."

பக்கத்தில் நின்ற எனக்கு அது முழுக்க விளங்கிவிட்டதாகவே இருந்தது. அங்கே குளிர் அதிகம். யன்னலைப் பூட்டாமல் எப்படி இருப்பது?