இரண்டேகால் அடி

யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன் பூமிநாதன் ஒரு எண்ணைச் சொல்வார். கேட்டிலிருந்து ஆள் இருக்கிற இடம் வரைக்கும் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்திருப்பார். "இருபத்தாறே முக்கால்" என்பார். அதன் பிறகுதான் "நல்லா இருக்கீகளா?" இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய காரைக்குடிக்காரர்கள் அதையும் ஒரு வணக்கமாக எடுத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். துக்க வீட்டில் மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். உதடு அசைவது தெரியும்.

பக்கத்து ஊரான கண்டனூரின் பெரிய வீடுகளில் இது எளிதல்ல. முகப்பில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினால் அடுத்த தெரு வந்துவிடும். நடுவில் யாராவது காப்பி நீட்டினால் எண்ணிக்கை விட்டுப்போகும். காப்பியைக் குடித்துவிட்டு முகப்புக்குப் போய் முதலிலிருந்து வருவார்.

தொழில், தனியார் சர்வேயர். வயது ஐம்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர். செக்காலை ரோட்டில் மாடியில் ஒரு அறை. வலது கைச் சுண்டுவிரல் நகத்தில் எப்போதும் சிவப்புப் பெயிண்ட் இருக்கும், எல்லைக் கல்லுக்குக் குறி போடுகிற பெயிண்ட். சோறு போடும்போதெல்லாம் மனைவி லட்சுமி அதைப் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெயில தொடைச்சாப் போயிரும்ல" என்பார். "நாளைக்கும் வேலை இருக்குல்ல" என்பது பதில்.

ஒன்பது வருடத்துக்கு முன் செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கிற கருவியை வாங்கினார். ஆள் உயரக் கம்பு, அதன் தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி வெள்ளையாக ஒன்று, கையில் பிடிக்க ஒரு சின்னத் திரை. அவர் அதை 'அது' என்று சொல்வதில்லை. "அவன் இருவது சேட்டிலைட்டுகிட்ட கேட்டுட்டுத்தான் வாயத் தொறப்பான். நம்மளாட்டம் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேக்க மாட்டான்." திரையில் 'பிக்ஸ்' என்று பச்சையாக விழுந்தால் விரற்கடை பிசகாது. 'புளோட்' என்று மஞ்சளாக வந்தால் அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு சொல்லும் இப்போது வீட்டிலும் புழங்குகின்றன. மகள் கீர்த்திக்கு வந்த வரன் பதில் சொல்லாமல் இழுத்தடித்தபோது லட்சுமி, "மாப்ள வீடு இன்னும் புளோட்டுலதான் நிக்குது" என்றார்.

2024 ஆயுத பூஜை அன்று காலை, அவனைத் துடைத்து, உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் பொரி கடலையோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அன்றைக்குத் தையல்காரர் மிஷினைத் தொடமாட்டார், தச்சர் உளியைத் தொடமாட்டார். மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்பது. ஏழு மணிக்கு ஏகப்பன் போன் செய்தார். கண்டனூரில் பெரிய வீடு. இருப்பது சிங்கப்பூரில். வீட்டைத் திறப்பது கல்யாணத்துக்கு மட்டும்.

"பூமி, சாயங்காலம் பிளைட்டு. பின்கட்டு எல்லையில நீ ஒரு கல்லை நட்டுட்டேன்னா, கொத்தனாரு நாளைக்கு நல்ல நாள்ல காம்பவுண்டை ஆரம்பிச்சிருவாரு."

"செட்டியாரே, இன்னைக்கு ஆயுத பூஜை."

"அது ஆயுதத்துக்குத்தானப்பா. ஒன்னோடது கம்ப்யூட்டரு."

இதில் நியாயம் இருப்பதாகப் பூமிநாதனுக்குப் பட்டது. மேலே ஒட்டியிருந்த பொரியைத் தட்டிவிட்டு அவனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏகப்பனின் பின்கட்டுக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாயியின் மனை. பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருப்பவர். நாற்பது அடி அகலம் என்று பட்டாவை மனப்பாடமாகச் சொல்வார். எல்லையைப் பார்க்க அவரும் வந்து நின்றார். வந்ததும் கருவியின் தலையைத்தான் பார்த்தார்.

"என்னண்ணே, பொட்டு வச்ச சாமானை எடுத்துட்டு வந்திருக்கீக. ஆகுமா?"

"இது கம்ப்யூட்டரு, ஆத்தா."

திரை மஞ்சளாக இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். கம்பை அசைக்காமல் மூன்று முறை குறித்தார். மூன்றும் மூன்று இடத்தைக் காட்டின. குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். மஞ்சள்தான். ஏகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பூமி, ஒம் மிஷினு லீவு கேக்குதா?" என்றார். கொத்தனார் பொன்னழகு வாய்விட்டுச் சிரித்தார். பொன்னுத்தாயி மனையின் மறுகோடியில் சர்க்கார் நட்ட பழைய சர்வே கல் ஒன்று இருந்தது. அங்கிருந்து நாற்பது அடி கையால் அளந்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்க, அவனைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையால் அளப்பதா? பூமிநாதன் திரையை நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விழுந்திருச்சு" என்றார்.

கல்லை நட்டார்கள். சுண்டுவிரல் நகத்தில் புதுப் பெயிண்ட் ஏறியது. ஏகப்பன் விமானம் ஏறினார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில், இதே கருவியை வாங்கியவர்களின் குழுவில், நாடு முழுவதும் பேச்சு இதுதான். லடாக்கில் ரோடு வேலை பார்க்கிறவர் ராத்திரி வானம் ரத்தச் சிவப்பாக இருக்கிற படத்தைப் போட்டு, கீழே மூன்று கும்பிடு போட்டிருந்தார். குஜராத்தில் சோலார் தகடு நடுவதற்கு அளந்துகொண்டிருந்தவர், காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை என்று சூரியனைத் திட்டியிருந்தார். நாகர்கோவில்காரர், "இங்கயும் ஆட்டம்தான்" என்று ஒரு வரி. பூமிநாதன் போனைக் கீர்த்தியிடம் நீட்டினார். அவள் எம்.எஸ்சி. இயற்பியல்.

"காந்தப் புயல்ப்பா. சூரியன் கக்குனது வந்து பூமியோட காந்தத்துல மோதியிருக்கு. ஒரே நாடுதான், ஆனா எல்லா ஊரையும் ஒண்ணுபோல அடிக்காது. வடக்க கடைசியில இருக்க லடாக்குல வானம் செவக்கும். நம்ம பக்கம், காந்த நடுக்கோடு தெக்க திருநெல்வேலிய ஒட்டிப் போகுது. இங்க வானத்துல ஒரு நெறமும் தெரியாது. ஆனா ரொம்ப ஒசரத்துல, மின்சாரம் ஏறுன காத்து ஒலை கொதிக்கிற மாதிரி கொமிழி விடும். சேட்டிலைட் சிக்னல் அதுல பூந்து வர்றப்ப நெளிஞ்சிரும்."

"அப்ப அவன் மேல தப்பில்ல."

"இல்லப்பா."

"எம் மேலயும் இல்ல."

கீர்த்தி தலையைத் தூக்கினாள். "ஸ்கிரீன்ல புளோட்டுன்னு காட்டியிருக்குமேப்பா?"

பூமிநாதன் கை கழுவ எழுந்துபோனார். அப்போது சாப்பாட்டு நேரம் இல்லை.

ஆனால் கதையை அவர் விடவில்லை. டீக்கடையில், பத்திர ஆபீஸ் வாசலில், கல்யாணப் பந்தியில் என்று எங்கும் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிப்பார்: "வடக்க இருக்கவனுக்கு வாணவேடிக்கை. நமக்கு வரப்புத் தகராறு." சிரிப்பார்கள். எந்த ஊர், யார் மனை என்பதை மட்டும் சொல்வதில்லை.

தை மாதம் கண்டனூரில் இன்னொரு மனையை அளக்கப் போனார். பச்சை உடனே விழுந்தது. போகிற போக்கில் ஆயுத பூஜையன்று நட்ட கல்லின் மேலும் கம்பை வைத்துப் பார்த்தார். கல், பொன்னுத்தாயி பக்கம் இரண்டேகால் அடி உள்ளே வந்திருந்தது. அதை ஒட்டி ஏகப்பனின் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பி, பூச்சும் முடிந்திருந்தது. எத்தனை அறை என்று சொந்தக்காரருக்கே நினைவில்லாத வீட்டுக்கு இரண்டேகால் அடி கூடியிருக்கிறது. இந்தப் பக்கம் அது ஒரு படிக்கட்டின் அகலம். மொட்டை மாடிக்கு வெளிப்படி வைக்கப் பொன்னுத்தாயி போட்ட கணக்கில் இடம் போதவில்லை. தன் கணக்குத்தான் தப்பென்று நினைத்து, படிக்கட்டை விட்டுவிட்டு இரும்பு ஏணி ஒன்றைச் சாத்திக்கொண்டார். மிளகாய் காயப்போட ஒரு கையில் முறத்தோடு அதில் ஏறுகிறார். முழங்கால் வலியால் வலது காலை முதலில் வைப்பதில்லை.

பூமிநாதன் இதையெல்லாம் பைக்கில் போகும்போது பார்த்திருக்கிறார். சூரியனை நினைத்துக்கொள்வார். கொஞ்ச தூரம் வரை அது உதவும். ஆனால் "விழுந்திருச்சு" என்று சொன்னது சூரியன் இல்லை. அதனால் இப்போதெல்லாம் பொன்னுத்தாயி கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறார். கேட்டால், "அங்குட்டு ரோடு சரியில்ல" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுற்று வழியிலேயே பொன்னுத்தாயி எதிரே வந்து பைக்கை மறித்தார்.

"அண்ணே, ஒங்க கதைய நேத்துக் கடையில ஒருத்தரு சொன்னாரு. ஆயுத பூஜையன்னிக்கு மிஷினு ஆடுச்சாமே?"

"ஆடுச்சு, ஆத்தா. வடக்க இருக்கவனுக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்குத்தானண்ணே நம்ம கல்லை நட்டீக?"

பூமிநாதன் பைக்கை அணைத்தார்.

"கொத்தனாரு டேப்பு வீட்டுலதான் கெடக்கு. ஒரு எட்டு வந்து போட்டுப் பாத்திருங்க. ஒங்க மேல சந்தேகமில்ல. சரஸ்வதி கோவிச்சுக்கிட்டாளோன்னு எனக்குத்தான் அன்னையில இருந்து ஒரு இது."

டேப்பின் நுனியைப் பழைய சர்வே கல்லில் வைத்துப் பிடித்துக்கொண்டு பொன்னுத்தாயி தரையில் உட்கார்ந்தார். பூமிநாதன் டேப்பை உருவிக்கொண்டே ஏகப்பனின் சுவர் வரைக்கும் நடந்தார். முப்பத்தேழு அடி ஒன்பது அங்குலத்தில் சுவர் வந்துவிட்டது.

"எம்புட்டுண்ணே வருது?"

அவர் கட்டைவிரலை அந்த எண்ணின் மேல் வைத்தார்.

"வெயிலு கண்ணுல அடிக்குது, ஆத்தா. நல்லா இழுத்துப் புடி."

பொன்னுத்தாயி இரண்டு கையாலும் நுனியைக் கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். டேப் விறைத்து நின்றது. பூமிநாதன் கட்டைவிரலை எடுக்கவில்லை.