மாடிப்படி இல்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா ஓடினாள். நகரத் தொடங்கிய பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, தொற்றி ஏறி, ஜன்னல் வழியாக, "வாங்கக்கா... என்னா வேடிக்கை பாக்குறீங்க?" என்று என்னைத் திட்டினாள்.

நான் எங்கே ஓடிப் பிடிப்பது? வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன். பஸ் போயே போய்விட்டது.

பஸ்ஸுக்கு ஓடுவதெல்லாம் ஒரு சேதியா என்பீர்கள். சேதிதான்! சில மாதங்களுக்கு முன் இதே ஸ்டெல்லாவால் நடக்க முடியாது, உட்காரவும் முடியாது. ஜீவனஹள்ளியில் என் பக்கத்து வீட்டுக்காரி, இருபத்தாறு வயது, துணிக்கடையில் வேலை. முதலாளியின் மச்சினன் குடோனில் வைத்து அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான்... படுபாவி. அவனைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும் — இந்தப் பத்தியில் அவனுக்கு இதற்கு மேல் இடம் இல்லை.

ஸ்டெல்லாவை அவள் சின்னம்மாவும் நானும் ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எதிர்வீட்டு நூர்ஜஹானும் ஏறிக்கொண்டாள். என்ன ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார் சின்னம்மா. அதே நேரத்தில், குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள் நூர்ஜஹான். ஸ்டெல்லா வீட்டில் மாடிப்படியே கிடையாது!

மானம் போய்விடுமே என்ற பயம், பாவம். ஆனால் விழுந்தேன் என்றால் விழுந்ததற்குத்தானே வைத்தியம்? முழங்கைச் சிராய்ப்புக்கு நர்ஸ் டிங்சர் பாட்டிலைத் திறந்தேவிட்டாள். அதோடு விட்டிருந்தால், நிஜமான காயத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் ஸ்டெல்லா.

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் வெளிய இருங்க. வலி யாருக்கோ அவங்க சொல்லட்டும்."

கதவு சாத்தியாயிற்று. சின்னம்மா ஜெபமாலையை எடுத்தார். ஸ்டெல்லா வாயைத் திறப்பாளா?

திறந்தாள்! எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தையல் போட்டார்கள், பென்சிலின் ஊசி போட்டார்கள், வார்டில் படுக்க வைத்தார்கள். சீழ் பிடிப்பதற்குள் வந்துவிட்டீர்கள், நன்றாக ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை என்றும் சொன்னார். சின்னம்மாவும் நூர்ஜஹானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள்.

நம் ஊர்ப் பெண்கள்தான் எத்தனை தடவை விழுகிறார்கள்! குழாயடியில், மாடிப்படியில், குளிக்கிற இடத்தில்... ஊர் முழுக்க எண்ணெயா ஊற்றி வைத்திருக்கிறார்கள்?

இதை எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடமே கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். இப்போது வேறு கடையில் இருக்கிறாள். புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பேரை மாத்திக்கோங்கக்கா. விழுந்துட்டேன்னு மட்டும் எழுதாதீங்க."