மூன்று நாள் நாற்காலி

ஆணியை நிறுத்தி இரண்டே அடி. தகர டப்பாவில் ஓட்டை விழுகிறது, டப்பா நசுங்கவில்லை. முந்தின நாளே உள்ளே தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கியிருக்கிறாள். மடித்த துண்டின் மேல் டப்பாவைப் படுக்கவைத்து, பேனாவால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் அடித்துக்கொண்டே போகிறாள். சற்று நேரத்தில் ஐஸ் கழன்று விழும். சாயங்காலம் அதற்குள் ஒரு சின்ன விளக்கு எரியும்.

"ஊர்ல எல்லார் வீட்டு ஃப்ரீசர்லயும் ஐஸ்கிரீம் இருக்கும்மா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"மேல் வீட்ல இருக்கு. போய்ச் சாப்பிட்டு வா. வரும்போது அந்த டப்பாவை மறக்காம வாங்கிட்டு வா."

நாலு மாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் மிச்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "மிச்சம் ஏதாவது இருக்கா?" என்று வாசல் வாசலாகக் கேட்டு அவளே சம்பாதித்த பெயர். தபால்காரருக்குக்கூட அதைச் சொன்னால்தான் வீடு தெரியும்.

வேலை, ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத துணி அறையில். பத்தொன்பது வருடமாகிறது. சலவையிலிருந்து வரும் விரிப்புகளைக் குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். இரட்டைக் கட்டில் விரிப்பு நடுவில் நைந்திருந்தால் ஓரங்களை வெட்டி ஒற்றைக் கட்டிலுக்கு ஆக்குவாள். அதுவும் நைந்தால் தலையணை உறை. உறை போனால் கண்ணாடி துடைக்க, கடைசியில் தரை துடைக்க. "ஒரு விரிப்பு அஞ்சு தடவை வேலை மாறுது, முணுமுணுக்கிறதே இல்லை" என்று சக ஊழியர்களிடம் சொல்வாள். "நம்மாளுங்களுக்கு ஒரு தடவை மாறணும்னாலே உசிரு போகுது."

அவள் வீட்டில் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ஜோடி போன சாக்ஸ் மாட்டியிருக்கும், நகர்த்தினால் தரையில் கீறல் விழாது. குளியலறைக் கால்மிதி ஒரு காலத்தில் ஏழு பனியன்கள். கிழிந்த குடை மழைக்குப் போகும் பையாகிவிட்டது. சமையலறைச் சுவரில் பழைய ஜீன்ஸ் பாக்கெட்டுகள் வரிசையாக ஒரு பலகையில் அடித்திருக்க, ஒன்றில் கரண்டி, ஒன்றில் கத்தரிக்கோல், ஒன்றில் மகளின் கண்ணாடி.

ஆனால் எதையும் சேர்த்து வைக்கிற ஆளில்லை. "இருபது டப்பா சும்மா கிடந்தா அது கைவேலை இல்லே, வியாதி" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி உட்காருவார்கள். யாராவது டப்பாவில் பெயிண்ட் அடித்துப் பூ வரைய ஆரம்பித்தால் போதும், முகம் சுருங்கிவிடும். "பூ எதுக்கு? ஸ்பூன் நிக்குதா பாருங்க முதல்ல."

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்காருவதில்லை. வெட்டுவதற்கு எடுத்த எந்தப் பொருளும் முதலில் அதில் மூன்று நாள் இருக்கவேண்டும், தேதி எழுதிய சீட்டோடு. அதற்குள் வீட்டில் யாருக்காவது மனசு கேட்கவில்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்விடலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. நாலாம் நாள் கத்தரிக்கோல். தோழிகள் வந்தால் மகள் எச்சரிப்பாள்: "அதுல உட்காராதீங்கடி. அம்மா வெட்டிடுவாங்க."

இந்தச் சட்டம் வந்த கதை குடும்பத்தில் பிரசித்தம். ஆறு வருடத்துக்கு முன் நாத்தனார் வந்து தங்கியிருந்தபோது, கூடையில் நல்ல கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பாதி பிரிந்து கிடந்தது. மிச்சக்கா டிவி பார்த்துக்கொண்டே மீதியையும் பிரித்து, அழகாக நாலு உருண்டையாகச் சுற்றி, "அண்ணி, பழசானாலும் நூல் எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க!" என்று நீட்டினாள். அது பிரிந்த ஸ்வெட்டர் இல்லை. நாத்தனார் இரண்டு மாதமாகப் பாதி வரை பின்னியிருந்த ஸ்வெட்டர். ஒரு வருடம் பேச்சு இல்லை. இப்போது பேசுகிறார், "பிரிச்சவளே" என்றுதான் கூப்பிடுகிறார்.

கணவர் குளிர்பானம் அடைக்கும் கம்பெனியில் மெக்கானிக். ஓடும் பட்டையில் பாட்டில்கள் சாயாமல் நகர்வது அவர் பொறுப்பு. ஏழு மாதத்துக்கு முன் கம்பெனி கேட்டைப் பூட்டி, "தற்காலிகமாக" என்று ஒரு பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில். மனைவி டப்பாவில் ஆணி அடிப்பதைப் பார்த்து, "குப்பைக்கு ரெண்டு வாரம் லீவு குடுத்திருக்கே, அவ்வளவுதானே?" என்பார். அவளும் சிரிப்பாள். குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் நின்றுபோய்க் காவலாளி ஓடிவந்து கூப்பிட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "நான் கம்பெனி மெக்கானிக். வீட்டு மோட்டாருக்கு வேற ஆளைப் பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அன்று முழுக்கக் குடியிருப்பில் எல்லோரும் வாளியோடு படி ஏறினார்கள், அவரும்தான்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அவருடைய மூன்று ஜோடிச் சீருடை தொங்கும். கருநீலம், கனத்த துணி, பாக்கெட்டில் மஞ்சள் நூலில் கம்பெனியின் பெயர். அணியாத துணியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரே இஸ்திரி போடுவார். அந்தத் துணியின் மேல் மிச்சக்காவுக்கு எப்போதும் ஒரு கண். தொழில் தெரிந்த கண், தடுக்க முடியாது. கதவைச் சாத்தும்போது விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலைவிட்டு வந்து கதவைத் திறந்தால், மூன்று ஜோடியும் நாற்காலியில் இருக்கின்றன. ஓரம் ஒத்து மடித்து, மேலே சீட்டு. தேதி அவர் கையெழுத்தில்.

"அம்மா, அப்பா டிரஸ்..." என்றாள் மகள் மெதுவாக.

"பார்த்தேன்."

"எடுத்து உள்ளே வச்சிரவா?"

"நீ வச்சியா? இல்லேல்ல? விடு."

அவரிடம் கேட்டாள். "என்னங்க, கம்பெனியிலேருந்து யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை" என்று பேப்பரைத் திருப்பினார் அவர். "நல்ல துணி. நீதான் சும்மா கிடந்தா வியாதிம்பியே."

அன்றிரவு அவள் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். வெட்டினால், "இனி அந்தக் கேட் திறக்காது" என்று தானே சொன்னதாகிவிடும். வெட்டாமல் திருப்பி மாட்டினால், "இன்னும் உட்கார்ந்திருங்க" என்று சொன்னதாகிவிடும். பத்தொன்பது வருடமாகத் துணியை வெளிச்சத்தில் பிடித்து எது எவ்வளவு தாங்கும் என்று சொல்கிறவள். இதைப் பிடித்துப் பார்க்க எந்த விளக்கும் போதவில்லை.

சனிக்கிழமை நாத்தனார் ஃபோன் செய்தார். "என்னடி பிரிச்சவளே, இன்னைக்கு எதைப் பிரிக்கிறே?"

சீருடை நாற்காலிக்கு வந்ததைச் சொன்னாள்.

"என் தம்பியே கொண்டுவந்து வச்சானா?"

"ஆமாம் அண்ணி. தேதியும் அவரே எழுதியிருக்காரு."

"என் ஸ்வெட்டரைக் கேக்காமப் பிரிச்சே. இப்போ வெட்டிக்கோன்னு குடுத்தாலும் கை வரலையாக்கும்? நல்ல பொம்பளைடி நீ." வைக்கும் முன் குரல் இறங்கியது. "மூணு நாள் இருக்கட்டும். உன் சட்டத்தை நீ மாத்தாதே."

ஞாயிற்றுக்கிழமை மாடியில், நீளப் பட்டை வைத்த பை சொல்லித்தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குக் கனத்த துணி வேண்டும். "இந்த வாரம் துணி சரியில்லை. சாக்ஸ் செய்யலாம்" என்றாள். பெண்கள் நாற்காலிக் காலுக்கு சாக்ஸ் தைத்தார்கள். ஒருத்தி தன்னுடையதில் பூப் போட்டாள். மிச்சக்கா அதைக் கவனிக்கவே இல்லை. எல்லோருக்கும் அதுதான் ஆச்சரியம்.

திங்கட்கிழமை அவர் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், சீருடைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"எந்திரிங்க, அதுல மனுஷங்க உட்காரக் கூடாது."

"மூணு நாள் முடிஞ்சுது" என்றார். "யாரும் வந்து எடுத்துக்கலை."

அவள் கைப்பையைக் கதவோரம் இறக்கி வைத்தாள். பிறகு அவர் மடியிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் விரித்தாள். எப்போதும்போல் முதலில் பட்டன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடிச் சீசாவில் போட்டாள். அடுத்து தையல். சட்டையை அவள் கிழிப்பதில்லை, சின்ன பிளேடால் நூல் நூலாகப் பிரிப்பாள். அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிப் பெயர் தைத்த பாக்கெட்டுக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"இது இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?"

"என்ன தைக்கப் போறே?"

"மாடியில காட்டணும். பட்டை வச்ச பை."

அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் அந்தச் சத்தம் அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தவர் கையில் ஒரு முழ நீள ஸ்பேனர் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் தன் லுங்கியிலேயே துடைத்துவிட்டு, அதை விரித்த துணியின் மேல் வைத்தார்.

"கீழே தண்ணி மோட்டார் மறுபடி சத்தம் போடுதாம்" என்றார், அவளைப் பார்க்காமல். "இது உள்ளே நிக்குமா? தையல் தாங்குமா?"

"ரெட்டைத் தையல் போட்டா தாங்கும்."

"பேரு வேணும்னா உள்பக்கமா வர்ற மாதிரி வச்சுத் தை."

சமையலறை வாசலில் நின்ற மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மிச்சக்கா திரும்பாமலே கையை நீட்டினாள். மகள் சுவரிலிருந்த ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். கருநீலத் துணியில் ஸ்பேனரை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடியது, தலையைச் சுற்றி, பிடியின் நீளத்துக்கு இறங்கி, மறுபக்கம் ஏறி வந்து சேர்ந்தது. அவள் ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை அரை அங்குலம் வெளியே தள்ளிவைத்து, தையலுக்கு இடம் விட்டு, இரண்டாவது கோட்டைப் போட ஆரம்பித்தாள்.